சிறு குழுவும் நீடிய பொறுமையும்

பெருங்கூட்டத்தைக் கண்டு வியப்பது மக்கள் இயல்பு. ஆயிரவர் கூடினர் என்றால் அது செய்தியாகிறது. ஒன்பதின்மர் கூடினர் என்றால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு வீட்டின் முன்னறையில் நான்கு நாற்காலியும் ஒரு பாயும் இட்டு, வாரந்தோறும் அதே கிழமையில், அதே சிலர் கூடி, சிறிது வாசித்து, சிறிது பாடி, சிறிது பேசிக் கலைவார்களாயின், உலகம் அதனை ஒரு நிகழ்ச்சியென்றே கருதுவதில்லை. ஆயினும் மனிதனை மாற்றுவது எது என்று வினவுவோமாயின், மேடைப் பேச்சினும் முன்னறைப் பேச்சே வலிது என்று கூறுதற்கு நம்மிடம் காரணம் உண்டு. அதனைக் கூறவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

நாம் பேசப்போவது கிறிஸ்தவர் சிலர் கூடும் ஒரு சிறு ஐக்கியத்தைப் பற்றி. நேயர்களுள் சைவர் உளர், வைணவர் உளர், இசுலாமியர் உளர், மதமே வேண்டா என்போரும் உளர். அவர்கள் இவ்விடத்தே ஏட்டை மூடிவிட வேண்டா. பஜனைக் குழுவாயினும், குறள் வகுப்பாயினும், தொழிற்சங்கக் கிளையாயினும், படிப்பகமாயினும், பத்துப்பேர் சேர்ந்து பத்தாண்டு நிலைத்திருப்பது எங்ஙனம் என்னும் கேள்வி எல்லார்க்கும் பொது. நம் சமூகத்தில் சங்கம் தொடங்குவோர்க்குக் குறைவில்லை. மூன்றாம் ஆண்டு விழாவைக் காணும் சங்கங்களே குறைவு. நாம் அருகிருந்து அறிந்தது இந்த ஒரு குழு. ஆதலால் இதனைக் கொண்டு சொல்லுகிறோம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'ஐக்கியம்' என்பது தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டுப் பேச்சில் நாளும் வழங்கும் சொல். பழைய தமிழ் வேதாகமம், ஆதிச்சபையின் வாழ்வைக் கூறுமிடத்தில் 'அந்நியோந்நியம்' என்னும் சொல்லை ஆளுகிறது. இவ்விரண்டிற்கும் மூலமாய் நிற்பது 'கொய்னோனியா' என்னும் கிரேக்கச் சொல். அதன் பொருள் பங்குகொள்ளுதல். கலிலேயாக் கடலில் வலைவீசிய சீமோனுக்குத் தொழிற்கூட்டாளிகளாய் இருந்தோரைக் குறிக்கவும் அதே வேரிலிருந்து பிறந்த சொல்லே நூலில் வருகிறது. ஆகவே ஐக்கியம் என்பது ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதன்று. மீன் அகப்பட்ட நாளிலும் வலை கிழிந்த நாளிலும் பங்குடையோராயிருப்பது.

இரண்டாவது சொல் 'நீடிய பொறுமை'. இதற்குரிய கிரேக்கச் சொல்லைப் பிரித்தால், சினம் எழுவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொள்ளுதல் என்னும் பொருள் கிடைக்கிறது. சினமே இல்லாதிருத்தல் அன்று. சினத்தை நீள வைத்தல். நம் வள்ளுவனாரும் பொறையுடைமைக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். தன்னைத் தோண்டுகிறவரையும் சுமக்கும் மண்ணை அதற்கு உவமையாக முதலில் நிறுத்தினார். மண் அசையாதிருப்பதால்தான் சுமக்கிறது. ஓடிவிடும் மண் எவரையும் சுமப்பதில்லை. இவ்வுவமையிலிருந்து நாம் கொள்ளும் கருத்து ஒன்றுண்டு. நிலைத்திருத்தலும் பொறுத்திருத்தலும் இரண்டு குணங்களாகத் தோன்றினும், ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை. நிலைத்திராதவன் காட்டும் பொறுமை வெறும் நாகரிகம். நாளை வாராதவனுக்கு இன்று பொறுத்துக்கொள்வது எளிது. பொறுமையில்லாதவன் காட்டும் உறுதியோ வெறும் அதிகாரம். அவன் குழுவில் இருப்பான், மற்றையோர் இரார்.

மண் என்றோம். பிரிக்பீல்ட்ஸ் என்னும் ஊரின் பெயரே மண்ணைச் சுட்ட கதை. 1881 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீயும், அவ்வாண்டின் இறுதியில் வெள்ளமும் கோலாலம்பூரைச் சீரழித்தன. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் கொண்ட நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்டவேண்டும் என்று அன்றைய சிலாங்கூர் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதற்கான செங்கற் சூளைகள் எழுந்த களிமண் நிலமே இன்று நாம் பிரிக்பீல்ட்ஸ் என்று அழைக்கும் பகுதி. 1886 இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1890 இல் அது கிள்ளான் நகரைத் தொட்டது. அப்பாதையின் வேலைக்கும் அலுவலகங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நம்மவர் வந்தனர். சூளை நிலத்தின் அருகே குடியேறினர். கோயிலும் விகாரையும் தேவாலயமும் ஒன்றற்கொன்று கூப்பிடு தூரத்தில் எழுந்தன.

அங்குள்ள கிறிஸ்தவ நிலையங்களுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1924 ஆம் ஆண்டின் சீயோன் லுத்தரன் ஆலயம் ஒன்று. தமிழ் மெதடிஸ்டுத் திருச்சபை ஒன்று. 1905 இல் கோலாலம்பூரில் தொடங்கிய இளைஞர் கிறிஸ்தவ சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ. ஒன்று. இம்மூன்றையும் வேர்வரை தோண்டிப் பார்த்தால், மூன்றிலும் நமக்குக் கிடைப்பது ஒரு முன்னறையே.

லுத்தரன் வேரை நோக்குக. 1670 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஸ்பெனர் என்னும் குருவானவர் தம் வீட்டில் சிலரைக் கூட்டி வேதம் வாசிக்கத் தொடங்கினார். அவ்வழியிற் செழித்த ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் பயின்றவரே சீகன்பால்க். அவர் 1706 இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்த ஆண்டில் அவர் கையால் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றோர் ஐவர். டேனியர் வீடுகளில் அடிமைப்பட்டு ஊழியஞ்செய்தோர். ஐவர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அவ்வைவரின் வழிவந்த சபையைச் சேர்ந்த தமிழர், பிழைப்புத் தேடி மலாயாவுக்கு வந்தபோது தம் ஞானப்பாட்டுப் புத்தகத்தையும் உடன்கொண்டு வந்தனர்.

ஒய்.எம்.சி.ஏ.வின் வேரும் அத்தகையதே. 1844 ஜூன் மாதத்தில் இலண்டனில், துணிக்கடைச் சிப்பந்தியாயிருந்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் இளைஞர், தம்மையொத்த பன்னிருவர் அளவான கூட்டத்தோடு கடைமாடியின் உறங்கும் அறையில் அதனைத் தொடங்கினார். நாள் முழுதும் நின்று வேலைசெய்த கால்களோடு இரவில் முழங்காற்படியிட்டோர் அவர்கள்.

மெதடிஸ்டு வேரே நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. 1742 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஜான் வெஸ்லியைச் சார்ந்தோர் கட்டிய கூடத்தின்மேல் இருந்த கடனைத் தீர்க்க ஆலோசனை நடந்தது. காப்டன் ஃபாய் என்பவர், உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்றார். அதற்கும் வகையற்ற ஏழைகள் பலர் உளரே என்று மறுப்பு எழுந்தது. அப்படியாயின் மிக ஏழைகள் பதினொருவரைத் தம் பொறுப்பில் விடுமாறும், வாரந்தோறும் தாமே சென்று அவர்களைக் காண்பதாகவும், அவர்களால் இயலாவிடின் அவர்கள் பங்கையும் தாமே செலுத்துவதாகவும் அவர் விடைகூறினார். மற்றும் சிலரும் அவ்வாறே பொறுப்பேற்றனர்.

காசு வாங்கப் போனவர்கள் வீடுகளுக்குள் இருந்ததைக் கண்டனர். ஓரிடத்தில் குடி, ஓரிடத்தில் சண்டை, ஓரிடத்தில் நோய். கூடத்தில் பாடும்போது தெரியாதது வாசற்படியில் தெரிந்தது. பின்னர் ஒவ்வொரு வீடாய்ச் செல்லுதல் கடினமாகவே, பன்னிருவரும் ஓரிடத்திற் கூடும் வழக்கம் பிறந்தது. கடனுக்காகத் தொடங்கிய வருகை கடனோடு முடியவில்லை. அதுவே மெதடிஸ்டு சபையின் 'வகுப்பு'க் கூட்டமாய் நாடு கடந்து பரவிற்று. இதில் நாம் கற்கத்தக்கது யாது? தன் பென்னியைக் கொடுப்பவன் உறுப்பினன். மற்றவன் பென்னிக்கும் பொறுப்பேற்று, அவன் கதவை வாரந்தோறும் தட்டுகிறவனே உறவினன்.

கத்தோலிக்க சபையாரும் இவ்வுண்மையைப் பிற்காலத்தில் தம் வழியிற் கண்டனர். 1976 ஆகஸ்டு மாதத்தில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருமாரும் பினாங்கில் ஏறக்குறைய ஒரு மாதம் கூடியிருந்து ஆராய்ந்து, அண்டை வீட்டார் சேரும் அடிப்படைச் சமூகங்களைக் கட்டுவதைத் தம் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டனர். தமிழ்நாட்டில் அத்தகைய குழுவுக்கு 'அன்பியம்' என்று அழகிய பெயர் சூட்டியுள்ளனர். 1928 இல் எழுந்த கிள்ளான் லூர்து மாதா ஆலயம் போன்ற பெருங்கோயிலைக் கட்டிய மக்களுக்கும், பத்து வீட்டார் அமரும் ஒரு முன்னறை வேண்டியிருக்கிறது என்பதே இதன் கருத்து.

இனி நம் குழுவுக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் இரவு எட்டு மணிக்கு நாம் கூடுகிறோம். ஒன்பதின்மர். இருப்புப்பாதை அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர், தாதி ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் இரயிலில் வருவோர் நால்வர், பிறர் அண்டையிலுள்ளோர். கிள்ளான் நால்வரும் தோட்டத்திற் பிறந்தவர்கள். அவர்கள் பிறந்த லயங்கள் இன்று இல்லை; பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. லயத்தோடு அங்கிருந்த ஜெபக்கூட்டமும் கலைந்தது. கோவிலை இழந்தோரும் தேவாலயத்தை இழந்தோரும் அடுத்தடுத்த அடுக்குமாடிகளில் ஒருவர்க்கொருவர் அயலாராய்ச் சிதறினர். அத்தகையோர்க்கு ஒரு முன்னறை எவ்வளவு பெரிது என்பதை நகரத்திலேயே பிறந்தவர் எளிதில் உணரார்.

எட்டு மணிக்கு ஒரு கீர்த்தனை, பின் ஒரு பகுதி வாசிப்பு, பின் ஒவ்வொருவரும் அவ்வாரத்தைப் பற்றிச் சொல்லுதல், பின் ஜெபம், பின் தேநீர். இவ்வளவே. இதில் என்ன சோதனை இருக்கக்கூடும் என்று தோன்றும். சோதனை சிறியவற்றில்தான் இருக்கிறது. ஒருவர் எப்போதும் தாமதித்து வருவார். ஒருவர் பாடத் தொடங்கினால் சுருதி எங்கோ போய்விடும். ஒருவர் தம் மகனின் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இரயிலுக்குப் போகவேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஒன்பதின்மர்க்குத் தொண்ணூறு நிமிடமானால் ஆளுக்குப் பத்து நிமிடம். ஒருவர் நாற்பது எடுத்துக்கொண்டால் மற்றை எண்மர்க்கு மிஞ்சுவது ஐம்பது. இக்கணக்கு எளிது. ஆயினும் அந்த மனிதர்க்கு வாரத்தில் பேச்சுக்குச் செவிகொடுப்பார் வேறெவரும் இல்லையென்பது, நாம் அவரை ஈராண்டு அறிந்த பின்னரே தெரிந்தது. இப்போது புதன்கிழமை மாலைகளில் ஒருவர் அவர் வீட்டுக்குச் செல்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்குப் பத்து நிமிடமே போதுமாயிருக்கிறது. அவர் பேச்சைச் சுருக்கியது நம் கண்டிப்பன்று, அந்தப் புதன்கிழமை.

இருக்கையும் ஒரு சோதனையாயிற்று. நாற்காலி நான்கே. தொடக்கத்தில் யாரும் திட்டமிடாமலேயே ஓர் ஒழுங்கு அமைந்தது: நகரத்தார் நாற்காலியில், தோட்டத்தார் பாயில். தோட்டத்தில் கிராணியின் முன் நின்றே பழகிய கால்கள், நாற்காலி காலியாயிருப்பினும் அதனை நாடவில்லை. ஆசிரியை அதைக் கண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பேசாமல் பாயில் அமர்ந்தார். அதற்கடுத்த வாரம் மற்றொருவர். பின் முழங்கால் வலியுள்ளோர்க்கு மட்டுமே நாற்காலி என்று வழக்கமாயிற்று. அவ்விதியின்படி இன்று நாற்காலியில் முதலாவதாய் அமர்பவர், நாற்பதாண்டு பால்மரம் சீவி முழங்கால் தேய்ந்த கிள்ளான் அம்மையார். நம்மவர் பேதம் பாராட்டுவது சாதிப் பெயரைச் சொல்லி மட்டுமன்று. நாற்காலியாலும் கோப்பையாலும் சொல்லாமலே பாராட்டுகிறோம். சொல்லாமல் வந்ததைச் சொல்லாமலே நீக்கவும் கூடும். ஆனால் யாரேனும் ஒருவர் முதலில் எழுந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு பெரிய வினா எழுகிறது. எதனைப் பொறுப்பது, எதனைப் பொறாதிருப்பது? பொறுமை என்னும் பெயரால் நம் சமூகத்தில் எத்தனையோ அநீதிகள் காக்கப்பட்டு வந்துள்ளன. 1833 இல், கல்கத்தா ஆங்கிலிக்கன் அத்தியட்சரான டேனியல் வில்சன், தென்னாட்டுச் சபைகளில் சாதி வேற்றுமையை உடனே, அடியோடு ஒழிக்கவேண்டும் என்று நிருபம் எழுதினார். அதுவரை ஒரே ஆலயத்தில் தனித்தனி இடத்தில் அமர்ந்து வந்தனர். அப்பழக்கத்தை மெல்ல மெல்லத்தான் மாற்றவேண்டும் என்று முன்னோர் பலர் பொறுத்திருந்தனர். வில்சனின் ஆணையைக் கேட்டுத் தஞ்சை முதலிய இடங்களில் பலர் சபையைவிட்டே விலகினர். மெல்ல மாற்றுவோம் என்றவர் பொறுமை யாருடைய முதுகின்மேல் ஏற்றப்பட்டிருந்தது? பின்வரிசையில் உட்கார்த்தப்பட்டவன் முதுகின்மேல் அன்றோ? முன்வரிசையில் இருப்பவனுக்குப் பொறுமை செலவில்லாத சரக்கு. ஆதலால் பொறுமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி, அதன் செலவை யார் கொடுக்கிறார் என்பதே.

இக்கேள்வி ஏட்டில் மட்டும் வந்ததன்று; நம் முன்னறைக்கே வந்தது. குழுவில் ஓர் இளந்தம்பதியர் சேர்ந்தனர். கணவன் துறைமுகப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் வேலை பார்ப்பவன், நல்ல குரல், குடிப்பழக்கம் உடையவன். மும்முறை குழுவின் முன் சபதம் செய்தான். மும்முறையும் அது சம்பள நாளைத் தாண்டவில்லை. ஒவ்வொரு முறையும் நாம் மீண்டும் தொடங்கினோம், அதில் வியப்பில்லை. ஆயின் ஒரு வெள்ளிக்கிழமை அப்பெண் கன்னத்தில் காயத்தோடு வந்தாள். நம்முள் மூத்தவரான ஓய்வுபெற்ற அலுவலர், நல்லெண்ணத்தோடுதான், பொறுமையாய் இரு அம்மா, கர்த்தர் அவனை மாற்றுவார் என்றார்.

அறை அமைதியாயிற்று. கிள்ளான் அம்மையார் நாற்காலியிலிருந்து அவரைப் பார்த்து, “பொறுமையா இருக்க வேண்டியது நாமதான் ஐயா. இந்தப் பிள்ளை இல்ல” என்றார்.

அவ்வளவே அவர் சொன்னது. வாழ்நாளெல்லாம் அலுவலர்களை ஐயா என்றே அழைத்த அவ்வம்மையார், அன்றும் ஐயா என்றே அழைத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்த ஐயாவும் மறுமொழி கூறவில்லை. சிறிது நேரம் தலைகவிழ்ந்திருந்து, தம் காரை எடுத்துவந்தார். தாதி உடன் சென்றார். மருத்துவரைக் கண்டனர், பின் காவல் நிலையத்தில் புகார் செய்தனர். மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994 இல் இயற்றப்பட்டு 1996 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அடிபட்டவர் நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவைப் பெறலாம். அப்பெண் பெற்றாள். நம் சகோதரிகளுள் எத்தனை பேர் இச்சட்டத்தை அறிவர்? ஜெபக்கூட்டத்திலும் பஜனையிலும் மாதர் சங்கத்திலும் இதனை ஒருமுறையேனும் சொல்லக்கூடாதா?

இனிக் கணவனை என்செய்வது? விலக்கிவிடுக என்றனர் சிலர். அம்மையார் சொன்ன சொல்லின் மறுபாதி அப்போதுதான் விளங்கிற்று. பொறுமையாய் இருக்கவேண்டியது நாம். குழுவுக்கு அவள் தொடர்ந்து வந்தாள். அவன் வருதலாகாது என்று முடிவாயிற்று. ஆனால் நம்முள் இருவர், சம்பள நாள் மாலையிலும் ஒவ்வொரு சனிக்கிழமையிலும், கிள்ளானில் அவன் இருப்பிடம் சென்று அவனோடு உணவருந்துவது என்று ஏற்றுக்கொண்டனர். அவள் எங்கிருக்கிறாள் என்பதைச் சொல்வதில்லை, அவளிடம் தூதுபோவதில்லை, மன்னித்துவிடச் சொல்வதில்லை. இது நான்காம் ஆண்டு. அவன் இருமுறை வழுக்கினான். இவ்வாண்டு இதுவரை வழுக்கவில்லை. அவள் தையல் வேலை செய்து தனியே வாழ்கிறாள்; இருவரும் மீண்டும் சேர்வார்களா என்பது நாம் கேட்கும் கேள்வியன்று. ஒரே ஐக்கியம் இருவரையும் விடாமற் காக்க முடிந்தது. ஒரே அறையில் வைத்தன்று.

அம்மையார் பால்மரம் சீவியவர் என்றோம். மரத்தைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்கவேண்டும். நட்ட மரம் சீவும் பருவம் அடைய ஐந்தாறு ஆண்டுக்குமேல் ஆகும். சீவும்போதும் பட்டையை மெல்லியதாகவே சீவவேண்டும். மேலாகச் சீவினால் பால் குறைவு. ஆழ வெட்டி மரக்கட்டையைத் தொட்டுவிட்டால் அவ்விடம் புண்பட்டு முடிச்சாகி, புதுப்பட்டை ஒழுங்காய் வளராது. மனிதனைத் திருத்துவதும் இத்தகையதே என்பது அவர் கொள்கை. உண்மையைச் சொல்லாதிருப்பது மேலாகச் சீவுதல்; சினத்தோடு சொல்வது கட்டையை வெட்டுதல். இரண்டிற்கும் நடுவே ஒரு நூலிழை அளவு இடமே உண்டு. அதனைக் கை அறிய ஆண்டுகள் ஆகும். அன்று அவர் மூத்தவரிடம் பேசிய ஒரு வாக்கியத்தில் அந்தக் கையின் பழக்கத்தையே நாம் கண்டோம்.

குழுக்களை அழிப்பது பகைமை மட்டுமன்று; அழகிய கனவும் அழிக்கும். போன்ஹோபர் என்னும் ஜெர்மானிய லுத்தரன் போதகர், நாத்ஸி ஆட்சிக் காலத்தில் 1935 முதல் பின்கன்வால்டே என்னுமிடத்தில் இளம் ஊழியர் சிலரோடு ஒரு சிறு கூட்டுவாழ்வை நடத்தினார். 1937 இல் இரகசியக் காவலர் அதனை மூடினர். அவ்வாழ்விற் கற்றதை அவர் 1939 இல் நூலாக வெளியிட்டார். தன் மனத்திலுள்ள இலட்சியக் குழுவின்மேல் காதல் கொண்டவன், கண்முன் இருக்கும் குழுவைக் குறைகூறியே குலைத்துவிடுவான் என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. 1945 ஏப்ரலில் அவர் தூக்கிலிடப்பட்டார். மரணத்துக்கு அஞ்சாத அம்மனிதர், அன்றாட எரிச்சல்களைப் பற்றி அவ்வளவு கவனத்தோடு எழுதினார் என்பது சிந்திக்கத்தக்கது.

நம் குழுவும் ஒருகால் மூவராய்க் குறைந்தது. ஒருவர் மாற்றலாகிச் சென்றார். இருவர் வேறு பெரிய சபையின் இசையும் ஒளியும் நாடினர். சிலர்க்கு வேலை இரவில் விழுந்தது. ஏறக்குறைய ஏழு மாதம், மூன்று பேர் ஒரு கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருந்தோம். நிறுத்திவிடலாமா என்னும் பேச்சு வந்தபோது, வீட்டுக்குரிய ஆசிரியை, விளக்கை ஏற்றி வைக்கிறேன், வருகிறவர் வரட்டும் என்றார். எட்டாம் மாதத்தில் தாதி வந்தார். கதவு திறந்திருந்ததால் வந்தார். ஒருவாரம் அடைத்திருந்தால் அவர் திரும்பிப் போயிருப்பார்; நாமும் அதனை அறிந்திருக்க மாட்டோம். நிலைத்திருத்தலின் பயன், பெரும்பாலும் நாம் அறியாத ஒருவர்க்காகக் கதவு திறந்திருப்பதே.

2020 மார்ச் 18 ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, நாடெங்கும் வழிபாட்டிடங்கள் மூடப்பட்டன. பெருங்கூடங்கள் வெறிச்சோடின. அப்போது முன்னறைக் குழுக்களின் வலிமை வெளிப்பட்டது. கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கூட அறியாத முதியோரைத் தாதி ஒவ்வொருவராய் அழைத்துப் பேசினார். யாரிடம் அரிசி இல்லை, யாரிடம் மருந்து தீர்ந்தது என்பது ஒரே மாலையில் தெரிந்துவிட்டது. ஆயிரம் பேருள்ள கூட்டத்தில் ஒருவன் வாராதிருந்தால் ஒரு மாதம் தெரியாது. ஒன்பதின்மர் கூட்டத்தில் கால்மணி நேரத்தில் தெரியும்.

குழு நடத்துவோர்க்கும் நடத்த விரும்புவோர்க்கும் நாம் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிப்போம். கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்; இருவர் வந்தாலும் தொடங்குங்கள். பன்னிருவர்க்கு மேற்பட்டால் இரண்டாய்ப் பிரியுங்கள். பிரிவது பிளவன்று, பதியன் போடுதல். அறையில் கேட்டதை அறையிலேயே விட்டுச் செல்லுங்கள். ஆனால் ஒருவர் உயிர்க்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் உரிய இடத்தில் சொல்லுங்கள். பணம் திரட்டினால் சிறு தொகையாய்த் திரட்டி, கணக்கை எல்லார் முன்னும் வையுங்கள். தலைமை ஒருவரிடமே தேங்க விடாதீர். வாராதவரைப் பற்றிப் பேசாதீர். அவரிடம் போய்ப் பேசுங்கள். யார் பாயில், யார் நாற்காலியில் என்பதை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாருங்கள்.

சீர்திருத்தம் வேண்டும் என்று நாம் எல்லோரும் பேசுகிறோம், நன்று. ஆனால் சீர்திருத்தம் என்பது தீர்மானத்தில் நிறைவேறுவதன்று. பத்துப்பேர் அறையில் பழக்கமாவது. சாதியற்ற சமூகத்தைக் கண்ணாற் கண்டவர் நம்முள் அரியர். சாதி கேளாத ஒரு முன்னறையை எவரும் இந்த வாரமே உண்டாக்கலாம். பெண்ணை மதிக்கும் நாட்டை உண்டாக்கும் வலிமை நம் கையில் இன்றில்லை. அடிபட்ட பெண்ணிடம் பொறுமை போதியாத ஒரு குழுவை உண்டாக்கும் வலிமை உண்டு. தரங்கம்பாடியில் ஐவர், பிரிஸ்டலில் பன்னிருவர், இலண்டன் மாடியறையிலும் அவ்வளவே. எண்ணிக்கையைக் கண்டு அவர்கள் நாணவில்லை. தோட்டத்து நண்பர்களே, நகரத்து நண்பர்களே, உங்கள் தெருவில் அப்படி ஒரு விளக்கு எரியுமாயின் உள்ளே சென்று அமருங்கள். அடுத்த வாரமும் செல்லுங்கள். எரியவில்லையாயின், ஏற்றி வைத்துக் காத்திருங்கள்.